ஆகிரியில் நிறையும் நவராத்திரி

திருவாரூர் தியாகராஜர் கோயிலில் கமலாம்பாளுக்குத் தனிச் சந்நிதி. யோக நிலையில் கால்களைப் பின்னி அமர்ந்திருக்கிறாள். இதே ஊரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் அவள்மேல் செய்த நவாவரண கீர்த்தனைகளைவிடப் பெரிய நவராத்திரிப் படையல் சங்கீதத்தில் இல்லை என்பேன்.

தேவி வழிபாட்டுக்குரிய ஸ்ரீசக்ரத்துக்கு ஒன்பது ஆவரணங்கள், அதாவது சுற்றுகள்; ஒவ்வொன்றும் ஒரு சக்கரம். வெளியே சதுரம், அடுத்து பதினாறு இதழ், எட்டு இதழ், பிறகு முக்கோண வரிசைகள், நடுவில் பிந்து என்னும் புள்ளி. பூஜையில் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே போவார்கள். தீட்சிதர் அந்தப் பயணத்தையே இரவுக்கு ஒரு கீர்த்தனையாக்கினார். அந்தந்தச் சக்கரத்தின் பெயரும் அதற்குரிய யோகினியரும் சாகித்தியத்திலேயே வந்துவிடுகிறார்கள். முதல் எட்டும் வடமொழியின் எட்டு வேற்றுமைகளில் வரிசையாக அமைந்தவை. முன்னே தோடியில் தியானம், பின்னே ஸ்ரீராகத்தில் மங்களம்.

இவ்வளவும் இலக்கணம். என்னை மயக்குவது ராகங்களின் வரிசை. ஆனந்தபைரவியில் தொடங்கி கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி என்று போகிறது. மணிக்கணக்கில் ஆலாபனை செய்ய இடம் கொடுக்கும் ராகங்கள். ஆறாம் நாள் திடீரென்று புன்னாகவராளி. மகுடியில் ஒலிக்கும் ராகம்! அதன்பின் சஹானா, கண்டா, ஆகிரி. சக்கரம் குறுகக் குறுக ராகத்தின் நிலப்பரப்பும் குறுகுகிறது. ஆழமோ கூடிக்கொண்டே போகிறது. கண்டாவில் தன்யாசியும் பைரவியும் புன்னாகவராளியும் நிழலாடும். ஒரு பிடி பிசகினாலும் ராகம் கைநழுவிவிடும். விளி வேற்றுமையில், அம்மா என்று நேரே கூப்பிடும் எட்டாம் பாட்டுக்கு அந்த ராகத்தைத் தந்தது சாதாரண மனம் அல்ல.

ஆகிரியைக் காலையில் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த ராகத்தைத்தான் தீட்சிதர் பிந்துவில், ஸர்வானந்தமய சக்கரத்தில் வைத்தார். ஆனந்தத்தின் உச்சிக்குக் கருணை ரசம்! நெகிழாமல் அவளிடம் போய்ச் சேர முடியாது என்றே நான் அதைக் கேட்கிறேன்.

1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ இவற்றை ஸ்வரக் குறிப்போடு காத்துத் தந்தது. முத்துசுவாமி தீட்சிதர் வைணிகர்; அவர் பாட்டில் கமகத்துக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். விரைந்து பாடினால் சாகித்தியம் மட்டுமே மிஞ்சும். கச்சேரிகளில் காம்போதியையோ பைரவியையோ தனியே எடுத்துப் பாடுகிறார்கள். அதில் குறையில்லை, ஆனால் பயணம் தெரிவதில்லை.

வரும் நவராத்திரிக்கு இந்த ஒன்பதையும் ஒரே மூச்சில் கேட்டுவிடாதீர்கள். விளக்கேற்றிய பிறகு நாளுக்கு ஒன்று, வரிசை மாறாமல், விளம்ப காலத்தில் பாடியவர்களாகத் தேடிக் கேளுங்கள்.