துடிப்பைக் கொண்டு வயதைக் கணித்தல்

கிள்ளானை அடுத்த மேருவில், ஆவணி மாதத்து முன்னிரவில், வானம் தெளிந்திருக்கும்போது தனுசு ராசியை நோக்குவோர்க்கு எம்25 என்னும் விண்மீன் கொத்து சாதாரண இருகண் தொலைநோக்கியிலேயே புலப்படும். அக்கொத்தின் அங்கமான யு சஜிட்டாரி என்னும் நட்சத்திரம் ஏறக்குறைய 6.7 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கி, அதற்கேற்பப் பிரகாசம் கூடியும் குறைந்தும் வருகின்றது. செஃபீடு என்னும் இவ்வகை விண்மீன்கள் கொத்துகளுள்ளும் உண்டு என்பதை, இதனையும் எஸ் நார்மே என்னும் விண்மீனையும் கொண்டு ஜான் இர்வின் 1955-இல் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

பொருண்மை மிக்க விண்மீன் தன் எரிபொருளை விரைந்து செலவிட்டு, இளமையிலேயே செஃபீடு நிலையை எய்துகிறது. அது பருத்து ஒளிமிகுந்து நிற்பதால் மெதுவாகத் துடிக்கிறது. ஆகவே நெடிய துடிப்புக்காலம் இளமைக்கும், குறுகியது முதுமைக்கும் அடையாளமாகிறது. இம்முறையின் சிறப்பை நான் குறைத்து மதிப்பவனல்லன். துடிப்புக்காலத்தை அளக்கத் தொலைவு தெரியவேண்டியதில்லை. இடைப்பட்ட விண்தூசி அதனைக் கெடுப்பதில்லை. அண்டை விண்மீனோடு ஒப்பிட்டு நோக்கினாலே போதுமாகலின், கோலாலம்பூரின் விளக்கொளியும் ஆண்டுதோறும் நாம் அஞ்சும் புகைமூட்டமும் கூட அதனை முற்றும் தடுத்துவிட மாட்டா.

ஆனால் துடிப்புக்காலம் பிரத்தியட்சம், வயதோ அநுமானம். ஜூசெப்பே போனோ குழுவினர் 2005-இல் வகுத்த சூத்திரப்படி யு சஜிட்டாரிக்கு ஏறக்குறைய 6 கோடி ஆண்டு வயதாகிறது. விண்மீனின் சுழற்சி, புதிய ஹைட்ரஜனை மையத்துக்குக் கலந்து அனுப்பி அதன் ஆயுளை நீட்டுவதைக் கணக்கில் கொண்ட ரிச்சர்டு ஆண்டர்சன் குழுவினரோ, இத்தகைய வயதுகள் 60 முதல் 100 விழுக்காடு வரை உயரும் என 2016-இல் காட்டினர். அதே விண்மீன், அதே 6.7 நாள், வயது மட்டும் 12 கோடியை எட்டக்கூடும்! இளமையில் அது எவ்வளவு விரைவாகச் சுழன்றது என்பதை இன்றைய துடிப்பு நமக்கு உரைப்பதில்லை. கொத்தின் ஏனைய விண்மீன்களின் நிறத்தையும் ஒளியையும் கொண்டு கணித்த வயதோடு இது பொருந்துகிறதே என்பாருமுண்டு. அவ்வயதும் அதே விண்மீன் உள்ளமைப்புக் கொள்கையிற் பிறந்ததாகலின், ஒரே சாட்சி இருமுறை பேசுவதை இரு சாட்சிகள் எனக் கொள்வது போன்றதே அவ்வாதம். எனவே எக்கொத்து முந்தியது, எது பிந்தியது என்னும் வரிசையளவில் இம்முறையை நம்பலாம். ஆண்டுக் கணக்கைச் சொல்வோர் தாம் கொண்ட சுழற்சி இன்னதென உடன் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஓமேகா செண்டாரி போன்ற முதிய கோளக் கொத்துகளில் நிலைமை வேறு. அங்கு துடிக்கும் ஆர்ஆர் லைரே விண்மீன்கள், கொத்து ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது என்பதற்கு மேல் வயதைப் பற்றி நேரே ஒன்றும் சொல்லா. அவற்றின் உண்மையான உபகாரம் தொலைவைத் தருவதே. தொலைவு தவறி ஒளித்தரத்தில் 0.1 பிழைத்தாலும் வயதில் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு பிழைக்கும். 1990-களின் நடுவில் இக்கொத்துகளுக்கு 1,500 கோடியளவு வயது சொல்லப்பட, அண்ட விரிவிலிருந்து சிலர் பெற்ற பிரபஞ்சத்தின் வயதோ அதனினும் குறைந்திருந்தது. ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் அளவுகள் 1997-இல் வெளிவந்தபின், கொத்துகள் எண்ணியதைவிடத் தொலைவில் உள்ளன, ஆகவே எண்ணியதைவிட ஒளிமிக்கவை எனப் பலர் கொண்டு, வயதை 1,200 கோடியை ஒட்டிக் குறைத்தனர். நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி லடாக்கின் ஹான்லேயில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியால் எம்53 முதலிய கொத்துகளின் ஆர்ஆர் லைரே விண்மீன்களை அரெல்லானோ ஃபெர்ரோ, சுனேத்ரா கிரிதர் முதலானோர் பொறுமையுடன் அளந்து, அவற்றின் உலோகச் செறிவையும் தொலைவையும் திருத்திவரும் பணியை, வயதை நேரே அறிவிக்கும் பல ஆய்வுகளினும் மேலானதாக நான் மதிக்கக் காரணம் இதுவே.