'எத்ரான்ஜே'யும் 'அந்நிய'னும்: ஒரு தலைப்புச் சொல்லின் பொருளும் பாலும்

ஆல்பெர் காம்யுவின் பிரெஞ்சுப் புதினம் 'லெத்ரான்ஜே' 1942இல் வெளிவந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்க, க்ரியா பதிப்பகம் அதனை 1980இல் 'அந்நியன்' என வெளியிட்டது. மூலச்சொல்லின் பொருளையும் பாலையும் இத்தலைப்பு எவ்வளவு ஏற்றுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'எத்ரான்ஜே' பலபொருள் ஒருசொல். பிறநாட்டான், அறிமுகமற்றவன், ஒரு குழுவிற்குப் புறத்தே நிற்பவன் ஆகிய பொருள்களோடு, பிறநாடு என்னும் இடப்பொருளும் அதற்கு உண்டு. ஸ்டூவர்ட் கில்பர்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1946இல் இலண்டனில் 'தி அவுட்சைடர்' என்றும் நியூயார்க்கில் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்றும் வெளிவந்தமை, அச்சொல்லை ஒருபொருளில் அடக்கவியலாமைக்குச் சான்றாகும்.

பிரெஞ்சில் பால் சொல்லைச் சார்ந்தது. தமிழில் பொருளைச் சார்ந்தது. ஆதலின் மனிதனைக் குறிப்பினும் நாட்டைக் குறிப்பினும் 'எத்ரான்ஜே' ஆண்பாற்சொல்லே. பெண்ணைக் குறிக்குங்கால் 'எத்ரான்ஜேர்' என ஈறு திரியும். முன்நிற்கும் சுட்டு, உயிர் முதலாகிய சொற்களுக்கு முன் 'ல்' எனக் குறுகி இருபாலுக்கும் பொதுவாகிவிடுவதால், இங்கு ஈறே பால் உணர்த்துகிறது. தமிழிலும் ஈறே பால் காட்டும். னகர ஒற்று ஆண்பாலுக்குரியது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. எனினும் 'அந்நியன்' என்றவுடன் உயர்திணையும் உறுதியாவதால் இடப்பொருள் நீங்குகிறது. இஃது இழப்பே. ஆயினும் ஆங்கிலத் தலைப்புகள் காட்டாத பாலைத் தமிழ்த் தலைப்பு காட்டுகிறது.

வேறு சொற்கள் பொருந்துமா? 'வெளியாள்' பால் காட்டாது. 'அயலான்' பால் காட்டினும், 'அயல்' அருகாமையையும் உணர்த்தும். நிலக்கோட்டைப் பகுதிப் பேச்சிலும் வழங்கும் 'அசலூர்க்காரன்' ஊரெல்லையோடு நின்றுவிடும். 'அந்நியன்' என்பதோ, 'அந்நியர் ஆட்சி', 'அந்நியத் துணி' முதலிய விடுதலைப் போராட்டக்கால வழக்குகளின் நினைவைச் சுமந்து நிற்கிறது.

இந்நினைவு புதினத்திற்கு வேண்டுவதே. கதை நிகழும் அல்ஜீரியா பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மெர்சோவால் கொல்லப்படும் அராபியனுக்குப் புதினத்தில் பெயரே இல்லை. நீதிமன்றமோ தாயின் இறுதிச்சடங்கில் மெர்சோ அழாமையைப் பெரிதாக்குகிறது. அவனைத் தன் சமூகத்திற்கு அந்நியனாக மட்டும் காண்பது பாதி வாசிப்பே. அம்மண்ணிற்கும் அவன் அந்நியன் என்னும் மறுபாதிக்குத் தமிழ்த் தலைப்பு இடமளிக்கிறது.

எனவே, தலைப்பு மொழிபெயர்ப்பை மதிப்பிடுவோர் அகராதிப் பொருளையும் இலக்கணப் பாலையும் ஒப்பிடுவதோடு அமையாது, பெறுமொழியில் அச்சொல் வழங்கிய வரலாற்றையும் கருதுதல் வேண்டும்.