காஃபூரும் கதாசிரியர்களும்

2018இல் வெளியான ‘பத்மாவத்’ திரைப்படத்தில் மாலிக் காஃபூர், அலாவுத்தீன் கில்ஜியின் மீது மோகங்கொண்டு அவரது கொடுமைகளுக்குத் துணைபோகும் அடிமையாக வருகிறார். அவரது நளினமும் பார்வையுமே அவரது தீமைக்குச் சான்றுகளாக்கப்பட்டுள்ளன.

அரபு நூல்கள் இவ்விஷயத்தில் நுட்பமானவை. ஆண்மை நீக்கப்பட்டவர் ‘கஸீ’. பெண்மைச் சாயலுடையவர் ‘முகன்னஸ்’. பிறப்பிலேயே இருபால் உறுப்புகளுடையவர் ‘குன்ஸா’. ஃபிக்ஹில் ஒவ்வொருவருக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. 1299இல் குஜராத்தில் கைப்பற்றப்பட்ட காஃபூர் முதல் வகையினர். மனிதரை ஆண்மை நீக்குவது ஹராம். ஆக, அது அவருக்கு இழைக்கப்பட்ட குற்றம். படமோ அதை அவரது இயல்பாக்கிவிடுகிறது.

இது புதிதன்று. எகிப்தை ஆண்ட மற்றொரு காஃபூரை (இறப்பு 968), எதிர்பார்த்த பதவி கிட்டாத கவிஞர் முதனப்பீ இவ்வாறே உடலைச் சொல்லி வசைபாடினார். அவ்வசைகளை நாம் இலக்கியமாகவே போதித்து வருகிறோம்!

சமகாலத்தவரான அமீர் குஸ்ரூ காட்டும் காஃபூர் வேறு. 1311இல் பாண்டிய நாட்டில், பாண்டியன் பக்கம் நின்ற முஸ்லிம்கள் கலிமா சொல்லத் தெரிந்தவர்கள் என்பதால் அவரது படையால் மன்னிக்கப்பட்டனர் என்கிறார் குஸ்ரூ. காயல் கரையினரான நமக்கு நெருக்கமான காட்சி. ஒரு நாவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1316இல் இளவரசர் கிஸ்ர் கானின் கண்களைப் பறித்தவர் காஃபூர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1296இல் தம் சிறிய தந்தையும் மாமனாருமான ஜலாலுத்தீனைக் கொல்வித்து அரியணையேறிய அலாவுத்தீனின் கொடுமைக்கு எந்தக் கதாசிரியரும் அவரது உடலில் காரணம் தேடுவதில்லை.