மணிச்சாடிக்குள் ஒரு மங்கை

புவனகிரியில் என்னிடம் சிறு வயதில் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்தி, இன்று வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று ஆங்கில இலக்கியம் முதுகலை பயில்கிறாள். அமெரிக்கப் பெண் கவிஞர் சில்வியா பிளாத் எழுதிய 'தி பெல் ஜார்' என்னும் நாவலைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையைச் சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்தாள். "ஹஜ்ரத், மார்க்கத்துக்கு முரணாக எதுவும் எழுதிவிட்டேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். நாவலைப் படியாமல் அதைப் பற்றிய கட்டுரைக்குத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆகவே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இஷாவுக்குப் பின் பதினைந்து இரவுகள் படித்து முடித்தேன். அவள் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன்.

நாவல் 1963 ஜனவரியில் லண்டனில், 'விக்டோரியா லூக்கஸ்' என்னும் புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த மாதம் 11ஆம் நாள், தம் 30ஆம் வயதில், ஆசிரியை தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். கதை நடப்பது 1953ஆம் ஆண்டுக் கோடையில். எஸ்தர் கிரீன்வுட் என்னும் கல்லூரி மாணவி, பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் வென்று ஒரு மாதம் நியூயார்க் நகரில் தங்குகிறாள். விருந்தும் புத்தாடையுமாக நாட்கள் கழிகின்றன. ஊரார் கண்ணுக்கு அவள் பாக்கியசாலி. அவள் உள்ளத்திலோ ஒன்றும் ஒட்டவில்லை. வீடு திரும்பியபின் உறக்கம் போகிறது. மூன்று வாரம் தலை கழுவாமல் இருக்கிறாள். கையெழுத்து குழந்தையின் கிறுக்கலாகிறது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் கண்முன் இருக்கின்றன. பொருள் உள்ளே வர மறுக்கிறது.

'பெல் ஜார்' என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் மணிச்சாடி என்று சொல்லும். எங்கே சென்றாலும் தன் புழுங்கிய காற்றுக்குள்ளேயே அடைபட்டிருப்பதைக் குறிக்கவே ஆசிரியை இப்பெயரை வைத்தார். எனக்கோ பள்ளி ஆய்வுக்கூடம் நினைவில் எழுந்தது. சாடிக்குள் மின்மணி ஒலிக்கும். காற்றை உறிஞ்ச உறிஞ்ச ஓசை தேயும். நாக்கு அடிப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். எஸ்தரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தாள்.

மாணவியின் கட்டுரை தெளிவானது, நடையும் நன்று. அதன் முடிவு இது: எஸ்தருக்கு எல்லாம் வாய்த்திருந்தது, இறைநம்பிக்கை ஒன்றே வாய்க்கவில்லை, நன்றியுணர்வும் பொறுமையும் இருந்திருந்தால் இந்நோய் அவளை அணுகியிராது. மேலோட்டமாகப் பார்த்தால் என் போன்றவன் மகிழ வேண்டிய முடிவுதான். ஆயினும் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

யூசுபை இழந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரால் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. நபி ஒருவரின் ஈமானை யார் குறை சொல்வர்? அவரைக் கடிந்தவர்கள் அவருடைய மக்களே. 'அவருக்குக் காரணம் இருந்தது, எஸ்தருக்கு என்ன இருந்தது?' என்று மாணவி கேட்கக்கூடும். அதற்கு விடை அரபு மருத்துவ நூலொன்றில் இருக்கிறது. 934இல் மறைந்த அபூ ஸைது அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற தம் நூலில் துயரை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, இன்னதை இழந்தோம் என்று அறிந்து வருவது. மற்றது, காரணம் அறியாமலே வந்து கவ்வுவது. இதன் வேர் உடலில், இரத்தத்தின் கேட்டில் இருக்கக்கூடும் என்கிறார். இரத்தத்தைப் பற்றிய அவர் கொள்கை இன்று செல்லாது. ஆனால் உடலிலும் வேர் இருக்கலாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதிவைத்தார். அதை நாம் படிக்கவில்லை.

இந்த நாவலின் சிறப்பும் அங்கேதான். ஒன்பது வயதில் தந்தையை இழந்ததும், பெண்ணுக்கென அக்காலம் வகுத்த வாழ்வும் அதில் சொல்லப்படுகின்றன. எனினும் 'இதனால்தான்' என்று ஆசிரியை எதன்மீதும் விரலை வைக்கவில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நம் வீட்டுப் பெண்களின் துயரைச் சொல்கிறது. அத்துயருக்கு முகவரி உண்டு. முகவரியற்ற துயரைச் சொல்வது அதனினும் கடினம்.

மாணவியின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. மை மெலிந்திருந்ததால் படிக்க முடிந்தது. எழுத்துக்கள் பொருள் தர மறுக்கும் இடத்தைச் சுட்டி, 'சென்ற ஆண்டு தேர்வுக்கு முன் எனக்கும் இவ்வாறே இருந்தது' என்று எழுதியிருந்தாள். ஏன் அடித்தாய் என்றேன். "ஆய்வுக் கட்டுரையில் 'நான்' வரக்கூடாது, ஹஜ்ரத்" என்றாள். சற்றுப் பொறுத்து, "பெண் பார்க்க வருகிறார்கள்" என்றாள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். சென்ற ஆண்டு அவளுடைய தாயார் என்னிடம் வந்திருந்தார். பிள்ளை சாப்பிடுவதில்லை, உறங்குவதில்லை, பேசுவதில்லை என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஓதியதில் பிழையில்லை. "ஷைத்தானின் ஊசலாட்டம், நன்றி மறந்தால் இப்படித்தான் வரும், பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்" என்றும் சொல்லியனுப்பினேன். கட்டுரையின் முடிவுரை என்னுடைய சொல். அடிக்கப்பட்ட வரிதான் அவளுடையது. பேருந்தேறினால் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கும் கொண்டு செல்லுங்கள் என்று அன்று என் வாயில் வரவில்லை.

எஸ்தரின் முதல் மருத்துவர் கோர்டன் அவள் சொல்வதைக் காதில் வாங்காமலே மின்னதிர்ச்சி கொடுக்கிறார். அது தண்டனையாகவே அவள்மீது இறங்குகிறது. பின்னர் வரும் நோலன் என்னும் பெண் மருத்துவர் கேட்கிறார், விளக்குகிறார், முறையாகச் செய்கிறார். அதே சிகிச்சை அவளைத் தேற்றுகிறது. மயக்க மருந்தின்றி இச்சிகிச்சை அளிப்பதையும், நோயாளியைச் சங்கிலியில் பூட்டுவதையும் நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் கருகிய 28 பேரும் கட்டப்பட்டிருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மகளுக்கு நேர்ந்ததைக் கெட்ட கனவாக மறந்துவிடலாம் என்கிறாள் எஸ்தரின் தாய். நம் தாய்மாரும் அதைத்தான் சொல்கிறார்கள், அன்பினால்.

நாவலில் குறைகள் இல்லாமலில்லை. மருத்துவமனையில் உணவு பரிமாறும் கறுப்பினத்தவரை ஆசிரியை வரைந்திருக்கும் விதம் இழிவானது. நோயைக் காட்டி அதை மன்னிக்க முடியாது. பிற்பகுதியில் எஸ்தரின் ஒழுக்கத்தைப் பற்றிய சில பக்கங்கள் நம் குடும்பங்களில் உரக்க வாசிக்கத்தக்கவை அல்ல. வளர்ந்த பெண்கள் தாமே படித்துத் தீர்மானிக்கட்டும்.

முடிவு நிறைவு பெறவில்லை என்று மாணவி குறை கண்டிருக்கிறாள். வீட்டுக்கு அனுப்பலாமா என்று மருத்துவர்கள் முடிவு செய்யும் அறைக்குள் எஸ்தர் நுழைகிறாள். நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது. அது குறையன்று என்று கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். சாடி மீண்டும் இறங்காது என்று எஸ்தருக்கே உறுதியில்லை. ஆசிரியை எப்படி உறுதி சொல்வார்? அடித்த வரிக்குக் கீழே, அழித்ததை மீட்க அச்சகத்தார் இடும் புள்ளிகளையும் இட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.