தேடிப் பெற்ற மரபு: ங்குயென் லேயின் கித்தார் இசை

மரபு என்பது பிறப்பால் வந்தடைவது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். தந்தையிடமிருந்து மகனும் ஆசானிடமிருந்து மாணவனும் பெறும் செல்வமாகவே இசையைக் கண்டு பழகிவிட்டோம். இவ்விரு வழிகளும் வாய்க்காத ஒருவர் தம் முன்னோரின் இசைக்கு உரிமை கோர இயலுமா? வியத்நாமிய வழிவந்த கித்தார் கலைஞர் ங்குயென் லேயின் வாழ்வும் இசையும் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

1959ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் வியத்நாமியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பதினைந்தாம் வயதில் டிரம்ஸில் தொடங்கிப் பின்னர் கித்தாருக்கு மாறினார். தாமே முயன்று தேர்ச்சி பெற்றார். அவர் முறையாகப் பயின்றவை காட்சிக்கலையும் தத்துவமும் ஆகும். தத்துவத்தில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ‘அயல்மோகம்’. அதாவது, தொலைதூரப் பண்பாடுகளை வேடிக்கைப் பொருளாகக் கண்டு மயங்கும் மனப்போக்கு. பாரிஸில் வளர்ந்தவருக்கு மூதாதையரின் நாடும் அத்தகைய வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடும். அவர் இசையை மதிப்பிட இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை எனலாம்.

1996இல் வெளியான ‘டேல்ஸ் ஃப்ரம் வியத்நாம்’ இசைத்தொகுப்பு இச்சோதனையில் தேறிவிடுகிறது. வியத்நாமிய மரபுப் பாடல்களை ஹூவொங் தான் பாடுகிறார். ‘காய் லுவோங்’ எனும் தென்வியத்நாமிய இசைநாடகத்தில் புகழ்பெற்ற ஹூ ஃபூக் என்பவரின் மகள் அவர்; குடும்ப வழியிலேயே கலையைப் பெற்றவர். கித்தார் அக்குரலுக்கு வழிவிட்டுப் பின்தொடர்கிறது. வியத்நாமிய இசையின் உயிர் ஸ்வரத்தை நிறுத்துவதில் இல்லை; அதை அசைத்து வளைப்பதில் இருக்கிறது. ‘டான் பாவ்’ எனும் ஒற்றைத் தந்திக் கருவியில் வளையும் தண்டு ஒன்றை இடக்கையால் அசைத்தே ஸ்வரங்களைப் பிறப்பிக்கின்றனர். ங்குயென் லே தந்தியை விரலால் தள்ளியும், கித்தாரின் நெம்புகோலை அசைத்தும் அந்த வளைவுகளைத் தம் கருவியில் வரவழைக்கிறார்.

மின்கித்தாரும் ஜாஸும் பழம்பாடல்களைக் கெடுக்காவா என்று தூய்மைவாதிகள் வினவலாம். அவர்களுக்கான விடை வியத்நாமிய வரலாற்றிலேயே உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற காய் லுவோங், பிரெஞ்சு நாடக அரங்கின் தாக்கத்தையும் ஏற்றுக்கொண்ட கலையாகும். அதன் உயிர்நாடியான ‘வோங் கோ’ இசைவடிவம் காவ் வான் லாவ் ஏறத்தாழ 1919இல் இயற்றிய பாடலிலிருந்து வளர்ந்தது. மேலைநாட்டுக் கித்தாரைக் கையிலெடுத்த தென்னாட்டுக் கலைஞர்கள், மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து, தந்தியை ஆழமாக அழுத்தி ஸ்வரத்தை வளைக்க வழிசெய்தனர். ஆட்சியாளர்களோடு வந்த கருவி ஆளப்பட்டோரின் செவிக்குப் பணிந்தது. ங்குயென் லே அப்பணியையே வேறொரு நகரில் தொடர்கிறார்.

1998இல் வெளிவந்த ‘மக்ரிப் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ தொகுப்பில் அல்ஜீரியரான கரீம் ஜியாத் உள்ளிட்ட வட ஆப்பிரிக்கக் கலைஞர்களோடு அவர் இணைந்தார். ஸஹாராவின் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழியினர் மொராக்கோவில் பேணிவரும் க்னாவா இசையின் தாளங்கள் அதில் ஒலிக்கின்றன. எனினும் இங்கே ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. கலைஞர்கள் பலர் கூடும் இடங்களில் கித்தாரின் வேகம் மேலோங்கி, விருந்தினரின் குரல் பின்தங்கிவிடுகிறது.

2006இல் வந்த ‘ஹோம்ஸ்கேப்’ இக்குறையை நீக்குகிறது. இத்தாலிய எக்காளக் கலைஞர் பாவ்லோ ஃப்ரேசு, தூனிசிய ஊத் கலைஞர் ளாஃபிர் யூசுஃப் ஆகியோருடன் தம் இல்லத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் இசைத்தது அது. இருவர் மட்டுமே எதிரெதிர் அமரும்போது ஒருவர் மற்றவரைக் கேட்டேயாக வேண்டியுள்ளது. ஊத்தின் நாதம் அடங்கும்வரை கித்தார் காத்திருக்கும் கணங்களே அத்தொகுப்பின் சிறந்த பகுதிகள் என்பது நம் கருத்து.

ஹனோயில் முறையாக மரபிசை பயின்ற ங்கோ ஹோங் குவாங்குடன் 2017இல் அவர் ‘ஹனோய் டுவோ’வை வெளியிட்டார். மரபைக் கற்றுத் தேர்ந்தவரும் தேடிக் கண்டவரும் அதில் சமமாக உரையாடுகின்றனர். முன்னோரின் சொத்து இரத்த உறவால் மட்டும் கைவருவதில்லை. செவிகொடுத்துக் கேட்கும் பொறுமையும் உழைப்பும் உடையோருக்கே அது உரியதாகிறது. தாய்மண்ணிலேயே பிறந்து, அதன் இசைக்குச் செவி சாய்க்காதோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.