நாளைய தாளில் விடை

சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் ஒன்று, ஹைதராபாத்தின் உப்பலில் என் வீட்டுச் சமையலறைக் கதவோரம் தொங்குகிறது. வருடா வருடம் சென்னையிலிருந்து வருகிறவர் யாராவது சுருட்டிக் கொண்டுவந்து தருவார்கள். திங்கட்கிழமைத் தாளில் ராகு காலம் 7.30 முதல் 9.00 என்று இருக்கும். இது உப்பலுக்கு உரிய நேரமே அல்ல. சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் ஒரு கற்பனைச் சூரியனுக்கு உரிய நேரம். சாஸ்திரப்படி அன்றைய பகலை எட்டாகப் பங்கிட வேண்டும். திங்களன்று இரண்டாம் பங்கு ராகுவுக்கு. ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஹைதராபாத்தில் சூரியன் எழுவது 6.47 வாக்கில். சென்னையில் அதற்கு 13 நிமிடம் முன்னதாகவே விடிந்துவிடும். உப்பல் கணக்கில் ராகு காலம் ஏறக்குறைய 8.10-க்குத் தொடங்கி 9.35 வரை நீளும். தாளைப் பார்த்து, ஒன்பது அடித்ததும் நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர் நேரே ராகுவின் மடியில்தான் போய் உட்காருகிறார்.

பயணத்துக்கு ஆகாத திசையைச் சொல்லும் சூலம் இதைவிடச் சுவையானது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம். உப்பலில் மெட்ரோ ஏறி ராயதுர்கம் வரை போகும் கணினித் தொழிலாளர் கூட்டம் முழுக்க மேற்கு நோக்கித்தான் போகிறது. அத்தனை பேரும் வாயில் ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டியில் எறும்புக்கும் சீட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் நான் அந்தத் தாளை தினமும் கிழிக்கிறேன், கிழிப்பதற்கு முன் படிக்கவும் செய்கிறேன். திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம், ஹிஜ்ரி தேதி, ஒரு பொன்மொழி, சிலவற்றில் ஒரு துணுக்கு, பின்பக்கம் ஒரு கை வைத்தியம் அல்லது விடுகதை. தமிழர்களில் புத்தகமே வாங்காத குடும்பங்கள் உண்டு. இந்தத் தாள் இல்லாத குடும்பம் அபூர்வம். ஆனால் துணுக்கு, விடுகதை, குறுக்கெழுத்து, கடி ஜோக், ‘இன்று என்ன நாள்’ ஆகியவற்றை நம் இலக்கிய வரலாறுகள் பக்க நிரப்பிகளாகக்கூட மதித்துப் பேசுவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது: விடையைத் தாமதப்படுத்துவது. அதில் தேர்ந்தவை நிலைத்தன.

தொல்காப்பியர் இந்தச் சில்லறையை ஒதுக்கவில்லை. செய்யுளியலில் அவர் எண்ணும் ஏழு வகைகளில் பாட்டுக்கும் நூலுக்கும் பக்கத்திலேயே பிசியும் முதுசொல்லும் இடம் பெறுகின்றன. பிசி என்பது இன்றைய விடுகதை, முதுசொல் பழமொழி. ஒப்புமையால் மறைத்துச் சொல்வது, குறிப்பால் சொல்வது என்று பிசிக்கு இரண்டு வழி காட்டுகிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் மூன்றாவது வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. உப்பலின் தெலுங்கு வீடுகளில் விடுகதைக்கு ‘பொடுப்பு கத’ என்று பெயர். கேட்பது பொடுப்பு, அவிழ்ப்பது விடுப்பு. பொடுப்பு என்றால் குத்துவது. நாம் விடுவதைச் சொன்னோம், அவர்கள் குத்துவதையும் சேர்த்தே சொன்னார்கள். குத்துக்கும் விடுதலைக்கும் நடுவே கேட்பவர் தவிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் விடுகதை. பாட்டிமார் அந்த நிமிடத்தை ஓர் இரவாக நீட்டுவார்கள். “தூங்கு, காலையில சொல்றேன்” என்பார்கள்.

இந்த நீட்டலைப் பெரும் கலையாக வளர்த்தவர்கள் அவதானிகள். ஹைதராபாத்தில் இன்றும் அஷ்டாவதானம் நடக்கிறது, அரங்கமும் நிறைகிறது. அவதானியைச் சுற்றி எட்டு பிருச்சகர்கள், அதாவது கேள்வியாளர்கள். ஒருவர் ஒவ்வோர் எழுத்தாக ‘இது கூடாது’ என்று தடுத்துக்கொண்டே வருவார். தடுத்த எழுத்தைத் தவிர்த்தே செய்யுள் வளர வேண்டும். இன்னொருவர் சம்பந்தமில்லாத நான்கு சொற்களைத் தருவார். ஒருவர் கையில் மணி இருக்கும், மொத்தம் எத்தனை முறை அடித்தார் என்று கடைசியில் சொல்ல வேண்டும். சில அவதானங்களில் வாரகணனமும் உண்டு: ஏதோ ஒரு நூற்றாண்டின் ஏதோ ஒரு தேதியைச் சொல்லி, கிழமை என்ன என்று கேட்பார்கள். அப்ரஸ்துதப் பிரசங்கம் என்ற பொறுப்பில் இருப்பவருக்கு வேலையே குறுக்கே புகுந்து வெட்டிப்பேச்சு பேசுவதுதான். “ஐயா, இன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு?” என்பார். அதற்கும் சபை சிரிக்கப் பதில் வர வேண்டும். கவனமும் சிதறக் கூடாது. புதிர், நகைச்சுவை, காலண்டர், பொது அறிவு நான்கும் ஒரே மேடையில்! ஒரு கேள்விக்கும் முழுப் பதில் உடனே கிடைக்காது. ஒரு சுற்றுக்கு ஓர் அடி வீதம் நான்கு சுற்றில்தான் செய்யுள் முடியும். கடைசியில் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரிசையாக ஒப்பிக்கும்போதுதான் சபை மூச்சு விடும்.

தமிழில் இந்தக் கலையின் உச்சம் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடிக்காரர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் நூறு செயல்களை ஒரே அமர்வில் கவனித்துச் சதாவதானி ஆனார். இசுலாமியரான அவரைச் சீண்டுவதற்காக, துருக்கனுக்கு ராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியை ஒருவர் கொடுத்ததாகச் சொல்வார்கள். பாவலர் ராமனின் தம்பியரை வரிசையாக அடுக்கி, முந்தைய அடியின் கடைசியில் ‘சத்’ என்று ஓர் அசையை மட்டும் வைத்தாராம். துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். காளமேகத்தின் சிலேடை முதல் இன்றைய கடி ஜோக் வரை ஓடும் நரம்பு இதுதான். கடி ஜோக்கைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் அதன் பரம்பரையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். தெலுங்கில் அவதானம் ஆண்டுதோறும் புது இளைஞர்களை ஈர்க்க, தமிழில் அது விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு.

சபையிலிருந்து அச்சுக்கு வந்தபோது விடை தாமதமாவதற்குக் காசு மதிப்பு வந்தது. எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னை 1928-இல் வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. ஆ-ன-ந்-த-வி-க-ட-ன், எண்ணிப் பாருங்கள், எட்டுதான். அந்த வாசன்தான் 1930-களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டியால் பத்திரிகையின் விற்பனையை எங்கேயோ கொண்டுபோனார். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துக்கும் இந்தப் பரிசுப் போட்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பரிசுப் போட்டியில் குறிப்பு வேண்டுமென்றே வழுக்கும். ‘மழைக்காலத்தில் ஏழைக்கு இது இல்லாவிட்டால் சிரமம்: _டை’ என்று கேட்டால் குடையா, உடையா? இரண்டும் பொருந்தும். சரியான விடை யோசனையில் இல்லை, உறையிட்டு முத்திரை வைத்த தாளில் இருக்கிறது. எல்லாச் சேர்க்கைகளையும் எழுதி அனுப்பக் கூப்பன் கூப்பனாக வாங்க வேண்டியதுதான். சூதாட்டம் என்று எழுந்த புகாரில் நியாயம் இருந்தது. 1955-இல் வந்த பரிசுப் போட்டிகள் சட்டம் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரக்கூடாது என்றது. திறமையால் வெல்லும் போட்டிக்கு இந்தக் கட்டு இல்லை, சூதின் தன்மை உள்ளதற்கு மட்டுமே என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

பணம் போனபின் எஞ்சிய தமிழ்க் குறுக்கெழுத்து ஓர் அழகான சங்கடத்தைச் சுமக்கிறது. நம் சொற்களில் ஏராளமானவை மெய்யில் முடிகின்றன: மரம், பழம், அவன், ஊர், கால், கண். மெய்யில் தொடங்கும் சொல்லோ தமிழில் கிடையாது. ஆகவே ஒரு சொல் ‘ம்’மில் முடிந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி இன்னொரு சொல்லைத் தொடங்கவே முடியாது. கட்டம் போடுகிறவர் ஒவ்வொரு வரியின் வாலையும் எங்கே ஒளிப்பது என்று திண்டாடுவார். ஆங்கிலக் கட்டம் போல நான்கு பக்கமும் இறுகிய கட்டம் தமிழில் அமையாததற்கு இதுவே காரணம், சோம்பல் அல்ல. என் அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருக்கு ஊர் ஊரு, கால் காலு, கண் கன்னு. பெரும்பாலும் உயிரில் முடியும். புத்தகம் நமக்கு ஐந்து கட்டம். அவருடைய புஸ்தகம் கூட்டெழுத்து அடுக்கி மூன்றே கட்டத்தில் அடங்கிவிடும். தெலுங்கில் குறுக்கெழுத்துக்குப் ‘பதபந்த பிரஹேளிகா’ என்று கம்பீரமாக ஒரு பெயரும் உண்டு. அவர் ஞாயிற்றுக்கிழமைப் புதிரை காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

துணுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1948-இல் தொடங்கிய ‘கல்கண்டு’ மூலம் அதன் ஆசிரியர் தமிழ்வாணன் அதற்கு ஒரு தனி இதழே நடத்திக் காட்டினார், பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அதைப் படியெடுத்தார்கள். உப்பலைப் பற்றித் துணுக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் ஒன்றையே எழுதுவார்கள்: 2009 நவம்பர் 5, உப்பல் மைதானம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் 175, இந்தியா தோற்றது மூன்று ரன்னில்.

ஆனால் ஒரு பத்திரிகைப் புதிர் தகுந்த வாசகரிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1914 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்த ஒரு கணக்கை, கேம்பிரிட்ஜில் கணித மேதை ராமானுஜனுக்கு அவர் நண்பர், பின்னாளின் புள்ளியியலாளர் மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கணக்கு இது: ஒரு தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ் வீடுகள். ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்கள். ஒருவர் வீட்டுக்கு ஒரு பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் மறுபக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். மொத்தம் எத்தனை வீடு, அவர் வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் தட்டுத் தடுமாறி விடை கண்டுபிடித்திருந்தார். ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். ஐம்பது, ஐந்நூறு என்ற வரம்பே தேவையில்லை. அந்தப் பின்னத்தில் எல்லாத் தெருக்களுக்கும் விடை இருந்தது. டிசம்பர் 22-ஆம் தேதித் தாளில் ‘தேசிய கணித நாள்’ என்று ஒரு வரி வருமே, அது இவருடைய பிறந்த நாள்தான்.

இனி காலண்டருக்கே வருகிறேன், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய புதிர் அதுதான். தென்னிந்தியாவில் லாம்டன் நடத்திய நில அளவையில் உதவியாளராக இருந்தவர், பின்பு சென்னை வானாய்வகத்தைச் சில காலம் கவனித்தவர் ஜான் வாரன். (நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் உப்பலில்தான் இருக்கிறது; அங்கே எத்தனை பேருக்கு வாரனைத் தெரியும் என்று கேட்டுப் பார்க்க ஆசை.) அவர் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சிப்பிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சிப்பிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். காகிதம் இல்லை, எழுதிய அட்டவணை இல்லை. வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் குறிக்கிறார். 1825 மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் வந்த அந்தக் கிரகணத்தின் தொடக்கத்தில் நான்கு நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. அதே ஆண்டு வெளியான வாரனின் ‘கால சங்கலிதம்’ இதைப் பதிவு செய்தது.

அந்த வாக்கியங்கள் புதிர்களேதான். சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அருகே வரும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறத்தாழ 248 நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொற்றொடர். எழுத்துக்கு எண் என்ற மரபில் அவிழ்த்தால் சந்திரனின் இடம் கிடைக்கும். ராகு காலத்துக்கு நம் பாட்டிகள் வைத்திருக்கும் ஏழு சொல் வாக்கியமும் இதன் பேத்திதான்: முதலெழுத்துகள் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று வரும். சிப்பி போய்க் கணினி வந்தபின்னும் பழைய வாக்கியப் பஞ்சாங்கமா, திருத்திய திருக்கணிதமா என்ற வழக்கு முடியவில்லை. வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் காலண்டர் சீர்திருத்தக் குழு அமைத்து, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டைத் தேசிய நாட்காட்டியாக்கினார்கள். அரசிதழும் வானொலியும் அதைச் சொல்கின்றன. வீட்டில் சொல்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உப்பலில் வாழும் தமிழருக்கு நாட்காட்டி வழக்கு தினசரி அனுபவம். நமக்குச் சூரிய மாதம், அக்கம்பக்கத்துக்குச் சந்திர மாதம். 2025 மார்ச் 30 அன்று யுகாதியோடு அவர்கள் விசுவாவசு ஆண்டுக்குள் போய்விட்டார்கள்; நான் ஏப்ரல் 14 வரை குரோதியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வருடம், அந்தப் பக்கம் ஒரு வருடம். நாம் விடியலில் எண்ணெய் தேய்த்துத் தீபாவளியை முடித்தபின் அவர்கள் அமாவாசை மாலைக்கு விளக்கு எடுத்து வைப்பார்கள். பசலி என்னும் வருவாய் ஆண்டு ஒன்றுதான் இரு பக்கமும் பழகியது: நிஜாம் அரசும் அந்தக் கணக்கில் பாரசீக மாதப் பெயர்களோடு ஆண்டை நடத்தியது, தமிழ்நாட்டு வருவாய்ப் பதிவேடுகளில் அது இன்றும் இருக்கிறது. 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

சிவகாசித் தாளில் அச்சாகாத ஒரு நாளும் உப்பலுக்கு உண்டு. மே 9 வாக்கில் நண்பகல் 12.12-க்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மைதானத்து ஸ்டம்புகளுக்கும் மெட்ரோ தூண்களுக்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. ஆகஸ்ட் 3 வாக்கில் மறுபடியும். பன்னிரண்டு மணிக்கு வராமல் ஏன் 12 நிமிடம் தாமதம்? இந்திய நேரம் கிழக்கே 82½ பாகைக்கு உரியது, உப்பல் அதற்கு நான்கு பாகை மேற்கே தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு உரிய தாமதத்தில் சில நிமிடத்தைச் சூரியனின் மே மாத வேகம் குறைத்துவிடுகிறது. உள்ளூருக்கு என்று கணித்த இந்த ஒரு வரியை ஹைதராபாத் தமிழ்ச் சங்கத்தார் யாராவது தங்கள் காலண்டரில் சேர்த்தால் நான் பத்துப் பிரதி வாங்குவேன்.

இப்போது காலை ஆறு மணிக்கே கைப்பேசியில் ‘இன்றைய புதிர்’ வந்துவிடுகிறது; அதற்குக் கீழேயே விடையும். படிக்கிறோம், அடுத்தவருக்குத் தள்ளுகிறோம், யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்படி ஆகக்கூடாது என்றுதான் பழைய இதழ்களில் விடையைத் தலைகீழாகவோ அடுத்த வாரமோ போட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் நடுவில் ஒன்றைக் கேட்டுவிட்டு இவ்வளவு தூரம் இழுத்திருக்கிறேன். தெருவில் 288 வீடுகள். அவர் வீட்டு எண் 204.