வாசல் கரும்பலகை

நெய்வேலி என்.எல்.சி. ஆண்கள் மேல்நிலைப் பள்ளி போன்ற பழைய பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் தேர்ச்சி விகிதம், கோப்பை என்றுதான் போகும். எனக்குப் பிடித்தது, இத்தகைய பள்ளிகளின் வாசலில் திருக்குறள் எழுதும் கரும்பலகை. ஈரத்துணியால் துடைத்த பலகை காயும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். முழு சாக்பீஸ் கிறீச்சிடும். பாதியாக ஒடித்துச் சாய்த்துப் பிடித்தால் சரசரவென்று ஓடும். ‘ழ’வின் சுழியில் கை தயங்கக் கூடாது. முதல் அடிக்கு நான்கு சீர், அடுத்ததற்கு மூன்று. கோடு போடாமலே இரண்டும் நேராக நிற்கும். நல்ல கையெழுத்துக்காரர் விரல் நுனி வெளுத்திருக்கும், சட்டையில் தூசி இருக்காது!

பலகை சொரசொரப்பு இழந்தால் ஊமத்தை இலையோடு கரி அரைத்துப் பூசுவது ஊர்ப்பக்கத்து வழக்கம். நெய்வேலி மண்ணில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. பலகை கேட்பதோ அடுப்புக்கரி. பூசி உலர்ந்ததும் வரும் அந்தப் பச்சை வாசனை தனி. நாளுக்கொரு குறள், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தாலும், ஆறாம் வகுப்பில் சேர்ந்த பையன் பன்னிரண்டு முடிப்பதற்குள் 1330 குறளையும் வாசலிலேயே படித்துவிடலாம்.